டாக்டர் ஹூ டைட்டில் மியூசிக்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பையனோட சேர்ந்து பிபிசியோட சயின்ஸ் ஃபிக்ஷன் சீரியல் டாக்டர் ஹூ பாக்க ஆரம்பிச்சிருக்கேன் சார். டாக்டர்ங்கற ஹீரோவா நடிக்கிறவர் மாறினா டைட்டிலும் மாறுது, மியூசிக்கும் மாறுது. ஆனா எந்த வெர்ஷன் போட்டாலும் ரெண்டு செகண்ட்ல இது அதுதான்னு தெரிஞ்சிடுது. எப்படி சார் அது?
– வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: அந்த பேஸ் லைன்தாம்மா காரணம். குதிரை பாய்ச்சல்ல வர்ற மாதிரி அடியில ஓடிக்கிட்டே இருக்கு பாருங்க, அது. 1963-லேர்ந்து யார் யாரோ வந்து என்னென்னவோ மாத்திட்டாங்க, அதை மட்டும் யாரும் தூக்கிப் போடல. அது எப்படி உருவாச்சுன்னு தெரிஞ்சா ஏன் போடலன்னு புரியும்.

ட்யூன் போட்டவர் ரான் கிரெய்னர், ஆஸ்திரேலியாக்காரர். அவர் எழுதிக் குடுத்தது ரொம்பக் கொஞ்சம்தான், சில எடத்துல ஸ்வரத்துக்குப் பதிலா காத்துக் குமிழி, மேகம்னு குறிப்பு மட்டும் எழுதியிருந்தார். அதை சத்தமா மாத்தின வேலை புரோகிராமுக்கு வேண்டிய வினோத சத்தங்களைத் தயாரிச்ச துறையான பிபிசி ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்ல இருந்த டெலியா டெர்பிஷைரோடது, உதவிக்கு டிக் மில்ஸ். டெலியா கேம்பிரிட்ஜ்ல கணக்கும் மியூசிக்கும் படிச்சவங்க. மின்சாரத்துலயே இசைச் சத்தம் உண்டாக்கற சிந்தசைசர்னு ஒண்ணு கடையில கிடைக்காத காலம் அது, அதனால ஒரே ஒரு கம்பியை மீட்டி டேப்புல ரெக்கார்ட் பண்ணி, அந்த டேப்பை வேகமா ஓடவிட்டா ஒரு ஸ்வரம், மெதுவா ஓடவிட்டா இன்னொரு ஸ்வரம்னு எடுத்து, ஒவ்வொண்ணையும் பிளேடால நறுக்கி வரிசையா ஒட்டினாங்க. நீங்க கேக்கற அந்த ஓட்டம் முழுக்க அப்படி ஒட்டினதுதான். மேல ஊளையிடற மாதிரி வழுக்கிக்கிட்டு வருதே மெலடி, அது மெஷின் டெஸ்ட் பண்ண வெச்சிருந்த, ஒரே சீரா சத்தம் குடுக்கற ஆசிலேட்டர் கருவியோட குமிழைக் கையால திருகித் திருகி எடுத்தது.

தனித்தனியா பதிஞ்சதை ஒரே டேப்புல அடுக்கற மல்டிட்ராக்கும் கிடையாது. பேஸ் ஒரு டேப்புல, மெலடி ஒரு டேப்புல, மத்ததெல்லாம் இன்னொண்ணுல, எல்லா மெஷினையும் ஒரே நேரத்துல தட்டிவிட்டு சேர்த்து ரெக்கார்ட் பண்ணணும். ஒரு தடவை எங்கயோ ஒரு ஸ்வரம் உதைக்குது, எதுலன்னு கண்டுபிடிக்க முடியல. டேப்பையெல்லாம் வெளிய வராந்தாவுல நீளமா பக்கத்துல பக்கத்துல விரிச்சு, ஒட்டின எடமெல்லாம் ஒண்ணுக்கொண்ணு நேரா வருதான்னு நடந்துகிட்டே பார்த்து, தப்பான துண்டைப் பிடிச்சாங்களாம். இவ்வளவு உழைப்பு ஒரு சத்தத்துக்குள்ள இருக்கும்போது பின்னாடி வர்றவன் அதை உருவிட்டு வேற வெச்சா காது உடனே காட்டிக்குடுத்துடும்.

கேள்வி: அப்போ கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இல்லையே, அந்த முதல் டைட்டிலை எப்படி எடுத்தாங்க?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: கேமராவை அதோட மானிட்டரையே பாக்கற மாதிரி திருப்பி வெச்சாங்க தம்பி. மானிட்டர்ல தெரியறதை கேமரா பிடிக்கும், அது திரும்ப மானிட்டர்ல வரும், அதை மறுபடி பிடிக்கும், இப்படிச் சுத்திச் சுத்தி வெளிச்சம் தானா புகை மாதிரி நெளிய ஆரம்பிச்சிடும். டிசைனர் பெர்னார்ட் லாட்ஜ் அதைத்தான் டைட்டிலா ஆக்கினார். 1967-ல அப்போ டாக்டரா நடிச்ச பேட்ரிக் ட்ரௌட்டன் முகத்தை அதுக்குள்ள கொண்டுவந்தாங்க, அதுக்கப்புறம்தான் டாக்டர் மாறினா டைட்டில்ல முகமும் மாத்தணும்ங்கற நிலைமை வந்துச்சு.

கேள்வி: மாத்தப் போய் சொதப்பி, பழசுக்கே திரும்பின கதை ஏதாவது உண்டா சார்?
– வாசகர், மதுரை

பதில்: டாக்டர் ஹூவுலயே உண்டு. 1972-ல வொர்க்‌ஷாப்புக்கு ஒரு பெரிய சிந்தசைசர் வந்திருந்துச்சு, டெலாவேர்னு அதைக் கூப்பிடுவாங்க. அதுல தீம் மியூசிக்கை முழுசா புதுசா போட்டுப் பார்த்தாங்க, வேலை செஞ்சவங்கள்ல டெலியாவும் ஒருத்தங்க. கேட்டா டொய்ங் டொய்ங்னு துள்ளுதே தவிர பழைய பயம் சுத்தமா இல்ல. உள்ளுக்குள்ளயே யாருக்கும் பிடிக்காம பழைய தீம் மியூசிக்கையே திரும்பப் போட்டுட்டாங்க, ஆனா அந்த டெலாவேர் சத்தத்தோட சில எபிசோடு தவறிப்போய் ஆஸ்திரேலியாவுக்குப் போயிடுச்சு.

பிபிசியோட இன்னொரு சீரியல் ஈஸ்ட்எண்டர்ஸ் கதையும் கிட்டத்தட்ட இதேதான். சைமன் மே தீம், 1985-லேர்ந்து தேம்ஸ் நதி வளைஞ்சு போற லண்டன் மேப் மேல ஓடிக்கிட்டிருந்தது, 1993-ல அதை ஜாஸ் மாதிரி ஆக்கினாங்க, ஜனங்களுக்குப் பிடிக்கல, அடுத்த வருஷமே பழைய சாயலுக்கு வந்துட்டாங்க. அமெரிக்காவுல 2010-ல ஹவாய் ஃபைவ்-ஓங்கற பழைய போலீஸ் சீரியலைத் திரும்ப எடுத்தப்போ மார்ட்டன் ஸ்டீவன்ஸோட 1968 தீம் மியூசிக்கை கிட்டார் வெச்சு மாத்தியிருந்தாங்க, அது முன்னாடியே வெளிய கசிஞ்சு ரசிகர்கள் சண்டைக்கு வந்ததும், ட்ரம்பெட் ட்ரம்ஸோட பழைய பாணியிலயே திரும்ப ரெக்கார்ட் பண்ணினாங்க. இதையெல்லாம் பழமைவாதம்னு சிலர் சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். 1980-ல பீட்டர் ஹவல் டாக்டர் ஹூ தீம் மியூசிக்கை முழுக்க சிந்தசைசருக்குக் கொண்டுபோனார், நட்சத்திரக் கூட்டத்தோட புது டைட்டில், ஸ்ருதி கூட ஏத்திட்டார், ஆனா அந்த ஓட்டத்தையும் வழுக்கலையும் அப்படியே காப்பாத்தினார். அது வருஷக்கணக்கா நின்னுச்சு.

கேள்வி: டெலியா பேரு ஏன் டைட்டில்ல வரவே இல்ல?
– வாசகி, திருச்சி

பதில்: எனக்கு வயிறெரியற விஷயம் இது. வேலை முடிஞ்சு கேட்டப்போ கிரெய்னருக்கே நம்ப முடியல, தான் எழுதினதுதானான்னு கேட்டார்னு சொல்வாங்க. ராயல்டியில பாதி டெலியாவுக்குக் குடுக்கணும்னு அவரே நின்னார். வொர்க்‌ஷாப் ஆளுங்க பேரை வெளிய போடறதில்லங்கறது பிபிசி வழக்கம், அதனால துறை பேரு மட்டும் வந்துச்சு, அவங்க பேரு வரல. 2001-ல டெலியா இறந்துட்டாங்க. அவங்க வீட்டுல இருந்து 267 டேப் கிடைச்சு, அதெல்லாம் இப்போ மான்செஸ்டர்ல பத்திரமா இருக்கு. அவங்க பேரு முதல் தடவையா திரையில வந்தது 2013 நவம்பர் 23, சீரியலோட 50-வது வருஷ ஸ்பெஷல்ல. கூட வேலை செஞ்சவங்க பேரைப் போட என்ன செலவாகிடப் போகுது? இன்னைக்கும் மியூசிக் டீம்ல புரோகிராமிங் பண்றவங்க பேரைத் தேடினா கிடைக்காத சீரியல் எத்தனையோ இருக்கு.

கேள்வி: ரசிகர் ஒருத்தர் செஞ்ச டைட்டிலையே எடுத்துக்கிட்டாங்களாமே, நிஜமா?
– வாசகர், சேலம்

பதில்: நிஜம்தான். லீட்ஸ்ல இருந்த பில்லி ஹான்ஷா கடிகாரச் சக்கரமெல்லாம் சுழல்ற மாதிரி தானா ஒரு டைட்டில் செஞ்சு யூடியூப்ல போட்டார், தயாரிப்பாளர் ஸ்டீவன் மோஃபட் பார்த்துட்டு கூப்பிட்டுட்டார். 2014-ல பீட்டர் கபால்டி டாக்டரா வந்தப்போ வந்த டைட்டில் அந்த யோசனைதான்.

கேள்வி: உங்களுக்குப் பிடிச்ச வெர்ஷன் எது?
– வாசகி, புதுச்சேரி

பதில்: 1963-ஐ விட்டுட்டுச் சொல்லணும்னா 2018, ஷேகுன் அகினோலா போட்டது. 2005-ல மர்ரே கோல்ட் டெலியாவோட சத்தத்துக்கு மேல ஆர்கெஸ்ட்ராவை ஏத்தினார், கம்பீரமா இருக்கும், ஆனா சில நேரம் அடியில இருக்கற ஓட்டம் அமுங்கிப்போகும். அகினோலா அவங்க சத்தத்தையே முன்னாடி கொண்டுவந்து, கீழ ஒரு கனமான அடியை மட்டும் குடுத்தார். டைட்டில்லயும் முகத்தைப் போடல, பெர்னார்ட் லாட்ஜோட அந்தப் பழைய புகை நெளிவு மாதிரியே செஞ்சிருந்தாங்க. ஹெட்ஃபோன் போட்டு முதல்ல 1963, உடனே 2018 கேளுங்க, டிவி ஸ்பீக்கர்ல அந்த அடி சரியா வராது.