டேங்க் நிரப்பியும் பெட்ரோல் முள் காலியிலேயே நிற்கிறது. மீட்டர் போர்டையே மாற்ற வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். பழுது பெரும்பாலும் மீட்டரில் இருக்காது. டேங்குக்குள் இருக்கும் ஃப்ளோட் (மிதவை) யூனிட்டில்தான் இருக்கும்.

மிதவை ஏறி இறங்கும்போது அதன் கை ஒரு மின்தடைப் பட்டையில் உரசும். மாறும் அந்தத் தடையைத்தான் முள் காட்டுகிறது. அளவு வண்டிக்கு வண்டி வேறு. பழைய ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் காலி என்றால் 0 ஓம், முழு டேங்குக்கு 90. பழைய ஃபோர்டில் தலைகீழ்: காலிக்கு 73, முழுசுக்கு 10.

பழைய மாடல் என்றால், பெட்ரோல் வாடை துளியும் இல்லை என்று பார்த்துவிட்டு, ஃப்ளோட் கனெக்டரைக் கழற்றிச் சாவியை ஆன் செய்யுங்கள். முள் ஒரு முனைக்குப் போகும். சிக்னல் வயரை ஓரிரு நொடி வண்டியின் உலோக பாடியில் தொட்டால் மறுமுனைக்குப் போக வேண்டும். போனால் மீட்டரும் வயரிங்கும் சரி. போகாவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். கம்ப்யூட்டர் வழியாக அளவு காட்டும் புது வண்டிகளில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர்தான்.

ஃப்ளோட்தான் என்று தெரிந்தாலும் அதன் எர்த் வயரில் துரு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். எத்தனையோ வண்டிகளில் கதை அங்கேயே முடிந்துவிடும்!

அப்புறம்தான் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு யூனிட்டை வெளியே எடுக்க வேண்டும். மிதவையை ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சலசலக்கிறதா? ஓட்டை. மல்டிமீட்டரில் தடையை அளந்தபடி மிதவையின் கையை மெதுவாக நகர்த்துங்கள். எண் சீராக மாற வேண்டும், துள்ளக்கூடாது. அழுக்கு என்றால் கான்டாக்ட் கிளீனர் போதும். பட்டை தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். மூடும்போது ரப்பர் வளையம் புதிதாகப் போடுங்கள். பழையது பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும், சரியாக உட்காராது.