ஃபவுண்டேஷன் ஆண்டு சேர்த்து பிசியோதெரபி: நீங்கள் கேட்டவை

ஜனவரி வந்தால் என் தொலைபேசி ஓயாது. மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடிவும் அப்போதுதான் வருகிறது, தைப்பூசக் காவடிக்கு விரதமும் அப்போதுதான் தொடங்குகிறது. கோயில் வரிசையில் நிற்கும்போதே பக்கத்து அம்மா, "பிள்ளைக்கு பிசியோ கிடைக்கலையே" என்று ஆரம்பித்துவிடுவார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நோயாளிகளோடும் மாணவர்களோடும் பல வருடம் ஓட்டியவள் என்பதால் எனக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். இந்த முறை வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். என்னை டாக்டர் என்று எழுதியவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பிசியோதெரபிஸ்ட். அக்கா என்றே கூப்பிடுங்கள்.

மகனுக்கு மேத்ஸில் 52. நேரடி இடம் கிடைக்கவில்லை. ஃபவுண்டேஷன் ஆண்டு சேர்ந்தால் ஒரு வருடம் வீண் என்கிறார் அவன் அப்பா. உண்மையா? (சாட்ஸ்வர்த் அம்மா)

ஃபவுண்டேஷன் என்றால் பட்டப்படிப்புக்கு அடிப்படை போட்டுத் தரும் கூடுதல் ஆண்டு. வீணா இல்லையா என்பது அவன் எந்த வகை ஃபவுண்டேஷனில் சேர்கிறான் என்பதைப் பொறுத்தது அம்மா. எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்வதால்தான் வீட்டில் சண்டை வருகிறது.

முதல் வகை, நீட்டித்த பட்டம். நான்கு வருடப் படிப்பை ஐந்தாக்கி, முதலில் வேதியியல், இயற்பியல், உயிரியல், கட்டுரை எழுதும் பயிற்சி ஆகியவற்றைப் போட்டுத் தருவார்கள். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் இந்த வழி உண்டு. இதில் பையனின் பெயர் முதல் நாளே பிசியோதெரபிப் பதிவேட்டில் ஏறிவிடும். தேறினால் இடம் அவனுடையது. இரண்டாவது, கேப் டவுன் பல்கலைக்கழகம் செய்வது போன்ற இடைநிலைத் திட்டம். எல்லாரோடும் சேர்ந்துதான் தொடங்குகிறீர்கள். அரையாண்டில் தடுமாறினால் தனியாக எடுத்து அடிப்படையைப் பலப்படுத்தி மறுபடி சேர்த்துவிடுவார்கள். இதற்கு முதலில் நேரடி இடம் கிடைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது வகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அறிவியல் பட்டத்துக்கான ஃபவுண்டேஷன் அது. நம் குவாசூலு-நாட்டால் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி.4 என்று சொல்வார்களே, அந்த மாதிரி. நல்ல படிப்புதான், ஆனால் இடம் அறிவியலில். பிசியோவுக்கு நீங்கள் மறுபடி விண்ணப்பம் போட்டு, அந்த ஆண்டின் புதிய மெட்ரிக் பிள்ளைகளோடு மோத வேண்டும். இந்த ஃபவுண்டேஷனில் சேர்க்கும்போது, பள்ளி எந்தப் பகுதியில், எந்த நிலையில் இருந்தது என்பதையும் பார்ப்பார்கள். எல்லாருக்கும் திறந்த கதவு அல்ல.

ஆகவே சேர்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள்: "இந்த ஆண்டு தேறினால் பிசியோதெரபி முதலாம் ஆண்டில் இடம் உறுதியா, அல்லது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமா?" பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். வாயால் சொன்ன உறுதியை நம்பி என் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் ஒரு வருடக் கட்டணம் கட்டினாள். ஆண்டு முடிவில் கையில் கிடைத்தது ஒரு சான்றிதழ் அட்டை. அதை எந்தப் பல்கலைக்கழகமும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்: நானும் ஐந்து வருடத்தில் முடித்தவள்தான். இதுவரை ஒரு நோயாளிகூட "ஏன் நாலில் முடிக்கவில்லை" என்று கேட்டதில்லை.

பத்தாம் வகுப்பில் மேத்ஸ் லிட்டரசிக்கு மாறிவிட்டேன். 84 வாங்கினேன். போதாதா? (ஃபீனிக்ஸ் மாணவி)

போதாது தங்கச்சி. 84 அல்ல, 94 வாங்கியிருந்தாலும் அது அன்றாடக் கணக்குக்கான வேறு பாடம். பிசியோதெரபிக்கு முழு மேத்ஸ் வேண்டும். அரசின் 'செகண்ட் சான்ஸ் மெட்ரிக்' திட்டத்தில் பாடங்களை மறுபடி எழுதலாம். ஆனால் மூன்று வருட மேத்ஸைப் புதிதாகப் பிடிப்பது லேசான வேலை இல்லை, ஒரு நல்ல ஆசிரியரும் முழு வருடமும் தேவைப்படும். ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால்: "லிட்டரசி எடு, மார்க் ஏறும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஃபவுண்டேஷனில் இயற்பியல் ஏன்? நான் நோயாளிகளைத் தொடப்போகிறவன், ராக்கெட் விடப்போவதில்லை. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. கையை மடக்கி, முன்கையைக் கிடையாக வைத்து, 5 கிலோ அரிசிப் பையைப் பிடித்துக்கொள். பை உன் முழங்கையிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதைத் தாங்கும் புஜத்தசை எலும்பில் ஒட்டுவதோ மூட்டிலிருந்து 4 சென்டிமீட்டர் வாக்கில். முப்பதை நாலால் வகுத்துப் பார், ஏழரை. அதாவது 5 கிலோவைப் பிடிக்க அந்தத் தசை ஏறத்தாழ 37 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. முன்கையின் எடையை இன்னும் சேர்க்கவே இல்லை.

இப்போது பக்கவாதம் வந்த 80 கிலோ தாத்தாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை நினைத்துப் பார். அவரை உன் உடம்போடு ஒட்டிப் பிடித்தால் ஒரு கணக்கு, கையை நீட்டிப் பிடித்தால் வேறு கணக்கு. இரண்டாவது கணக்கைப் போடுபவர்கள் சீக்கிரமே முதுகுவலி நோயாளிகளாக வந்து என் கட்டிலில் படுக்கிறார்கள்.

அப்புறம் அல்ட்ராசவுண்ட் கருவி. 1 மெகாஹெர்ட்ஸ் அலை ஆழமாகப் போகும், 3 மெகாஹெர்ட்ஸ் மேலோட்டமான திசுவிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். ஏன் என்று தெரியாமல் பொத்தானை அழுத்துகிறவனுக்குப் பட்டம் எதற்கு? வேதியியல் ஏன் என்று கேட்காமல் விட்டதற்கு நன்றி.

செலவு? ஃபவுண்டேஷன் ஆண்டுக்கும் நிதி உதவி கிடைக்குமா? (டோங்காட்)

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் அரசின் மாணவர் நிதி உதவித் திட்டமான என்எஸ்ஃபாஸுக்கு விண்ணப்பிக்கலாம். மாணவருக்கு உடற்குறை இருந்தால் வரம்பு 6,00,000. பொதுப் பல்கலைக்கழகத்தின் அங்கீகரிக்கப்பட்ட ஃபவுண்டேஷன் ஆண்டு இதில் அடங்கும். தனியார் நிலையத்தின் "தயாரிப்பு வகுப்பு" அடங்காது. மேலே சொன்ன உறவுக்காரப் பெண் அந்தப் பணத்தைத் தன் அம்மாவின் நகையை வைத்துத்தான் கட்டினாள்.

வயது 27. ஜிம்மில் பயிற்சியாளர். இனி பிசியோ படிக்கலாமா, பயோகைனெட்டிக்ஸ் போகலாமா? (லெனேசியா)

வயது ஒரு தடையே இல்லை. இரண்டு தொழிலும், மருத்துவத் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்யும் நம் நாட்டு அமைப்பான எச்பிசிஎஸ்ஏவில் ஒரே தொழில் வாரியத்தின் கீழ்தான் வருகின்றன, வேலைதான் வேறு. எலும்பு முறிந்த மறுநாள், அறுவை சிகிச்சை முடிந்த இரவு, சளி அடைத்த நுரையீரல், தீவிர சிகிச்சைப் பிரிவு, இங்கெல்லாம் பிசியோ நிற்பார். காயம் ஆறி, உடற்பயிற்சியால் பழைய நிலைக்குத் திரும்பும் கடைசிக் கட்டம் பயோகைனெட்டிசிஸ்டுக்கு. ஜிம்மில் உனக்குப் பிடித்தது அந்தக் கடைசிக் கட்டம்தான் என்றால் யோசி தம்பி, பிசியோவுக்காக ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? எதுவானாலும், எச்பிசிஎஸ்ஏவில் பதிவு செய்ய முடியாத "விளையாட்டு மசாஜ் டிப்ளமா" விளம்பரங்களை மட்டும் தாண்டிப் போய்விடு.

மகளிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உண்டு. அங்கே ஃபவுண்டேஷனோடு நான்கு வருடம் என்கிறார்கள். அனுப்பலாமா? (அம்லங்கா)

இங்கிலாந்தில் பிசியோதெரபிப் பட்டம் மூன்று வருடம், ஃபவுண்டேஷன் சேர்ந்தால் நான்கு. கணக்கு சரி. பாஸ்போர்ட்டில்தான் பொறி இருக்கிறது. உள்ளூர்க் கட்டணம் கிடைக்க, பாஸ்போர்ட் இருந்தால் மட்டும் போதாது. பொதுவாகப் படிப்பு தொடங்குவதற்கு முந்திய மூன்று வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும். இங்கேயே வளர்ந்த பிள்ளை வெளிநாட்டுக் கட்டணம் கட்ட நேரும். அங்கே சுகாதாரப் படிப்பு மாணவர்களுக்கு வருடம் 5,000 பவுண்டு உதவி தருகிறார்களே, அதுவும் உள்ளூர்த் தகுதி உள்ளவர்களுக்குத்தான். ராண்டில் சம்பாதித்துப் பவுண்டில் கட்டும் வலி உங்களுக்குத் தெரியாததா?

படித்து முடித்தால் அந்த நாட்டின் பதிவு அமைப்பான எச்சிபிசியில் பதிந்து அங்கே வேலை செய்யலாம். திரும்பி வர நினைத்தால் எச்பிசிஎஸ்ஏ மதிப்பீடு, தேர்வு என்று இன்னொரு சுற்று இருக்கிறது. தமிழ்நாட்டில் பி.பி.டி. முடித்து வந்தவர்களுக்கும் இதேதான். ஜோஹன்னஸ்பர்கில் குடியேறிய இரண்டு பேர் தனித்தனியாக இதைக் கேட்டிருந்தார்கள். அவர்களுக்கான பதிலும் இதுவே.

பட்டம் முடிந்ததும் கிளினிக் திறக்கலாமா? (ஐசிப்பிங்கோ)

உடனே முடியாது. ஒரு வருடச் சமூக சேவை கட்டாயம். பிசியோதெரபிஸ்டுகளுக்கு இது 2003இலிருந்து இருக்கிறது. சம்பளம் உண்டு, ஆனால் ஊர் நம் இஷ்டப்படி அமையாது. மலைமேல் இருக்கும் சிறு மருத்துவமனையில் ஒற்றை பிசியோவாக நிற்க வேண்டி வரலாம். அதற்குப் பிறகு சொந்த கிளினிக் வைக்கலாம். இந்த நாட்டில் நோயாளி டாக்டர் சீட்டு இல்லாமலே நேராக பிசியோவிடம் வரலாம் என்பது நமக்கு நல்லது.

அந்த ஒரு வருடத்துக்காகவாவது இப்போதே சூலு மொழி படிக்கத் தொடங்கு. குவாசூலு-நாட்டால் பல்கலைக்கழகத்தில் 2014இலிருந்து அடிப்படை சூலுப் பாடம் கட்டாயம்தான், ஆனால் தேர்வுக்குப் படித்த சூலு வார்டில் உதவாது. "குபுஹ்லுங்கு குபி?" என்றால் "எங்கே வலிக்கிறது?" என்று அர்த்தம். இந்தக் கேள்வி எல்லாருக்கும் வரும். கோகோ, அதாவது அந்த ஊர்ப் பாட்டி, பத்து நிமிடம் சொல்லும் பதிலைப் புரிந்துகொள்ளத்தான் பழக்கம் வேண்டும். சந்தையில் காய்கறி வாங்கும்போதே ஆரம்பித்துவிடு.