காசு வாங்கின லிங்குக்கு என்ன குறி? தேடுபொறி விதிகள்: கேள்வி பதில்

கிளிநொச்சி: அண்ணை, ஊர்ச் செய்தித் தளம் ஒண்டு நடத்திறம். வெளிநாட்டுக் கொம்பனி ஒண்டு தாங்களே கட்டுரை எழுதித் தருவினமாம். அதுக்குள்ள தங்கட தளத்துக்கு 'டூ ஃபொலோ' லிங்க் வைச்சால் 50 டொலராம். 'விளம்பரம்' எண்டு போடக்கூடாதாம். எடுக்கலாமோ?

காசு வாங்கலாம். அந்த இரண்டு நிபந்தனைக்கும்தான் தலையாட்டக் கூடாது.

ஒரு தளம் இன்னொன்றுக்கு லிங்க் கொடுத்தால், கூகுள் அதை நற்சான்றாக எண்ணித் தரவரிசைக் கணக்கில் சேர்க்கிறது. அந்த நற்சான்றை விலைக்கு விற்றால் அதற்கு விதிகளில் பெயர் 'லிங்க் ஸ்பாம்'. விளம்பரமாக விற்பதில் பிழையில்லை, லிங்கில் 'ஸ்பொன்சர்ட்' என்ற குறி இருக்கவேணும். 'டூ ஃபொலோ' என்று கோடில் ஒரு சொல்லே கிடையாது. குறி போடாமல் விடுங்கோ என்பதைத்தான் அவர்கள் நாகரிகமாகச் சொல்கிறார்கள்.

கட்டுரையிலும் சிக்கல் உண்டு. நல்ல பெயருள்ள தளத்தின் தோளில் ஏறி மேலே வருவதற்காக வெளியார் போடும் பக்கங்களையும் ஸ்பாம் என்கிறது 2024 மார்ச்சில் கூகுள் அறிவித்த விதி. கிளிநொச்சிச் செய்திகளுக்கு நடுவில் ஒரு கசினோக் கட்டுரை கிடந்தால், லிங்கில் குறி இருந்தாலும் பக்கம் மாட்டலாம். ஆகவே இப்படிப் பதில் அனுப்புங்கள்: மேலே 'விளம்பரம்' என்று எழுதுவோம், பக்கத்துக்கு 'நோ இன்டெக்ஸ்' (தேடலில் காட்டாதே என்ற குறி), லிங்குக்கு 'ஸ்பொன்சர்ட்' போடுவோம். பெரும்பாலும் மறுமொழி வராது.

மல்லாவி: குறியை எங்க போடுறது? வேர்ட்பிரஸில 'நோ ஃபொலோ' மட்டும்தான் கிடக்கு.

அதுவும் காணும். 'நோ ஃபொலோ' (இந்த லிங்கை நற்சான்றாக எண்ணாதே என்ற குறி) 2005 இல் வந்தது, 'ஸ்பொன்சர்ட்' 2019 செப்டெம்பரில். விளம்பர லிங்குக்குக் கூகுள் விரும்புவது புதியதை, பழையதையும் ஏற்கும்.

புதியதைப் போட, அந்தப் பந்தியின் மூன்று புள்ளியைத் தட்டி 'எடிட் அஸ் எச்.ரி.எம்.எல்' எடுங்கள். லிங்க் முகவரியை மூடும் மேற்கோளுக்குப் பிறகு ஓர் இடைவெளி, பிறகு ரெல் (rel), சமக்குறி, இரட்டை மேற்கோளுக்குள் ஸ்பொன்சர்ட் (sponsored). எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில். பிழைக்கும் இடங்கள் இரண்டு. ஏற்கனவே ஒரு ரெல் இருக்க இரண்டாவதை எழுதினால், முதலாவது மட்டும்தான் எடுபடும். பழைய மேற்கோளுக்குள்ளேயே இடைவெளி விட்டுச் சேர்க்கவேணும். வேர்டில் எழுதி ஒட்டினால் மேற்கோள் வளைந்து வரும், குறி செத்துவிடும். சேமித்தபின் 'வியூ சோர்ஸ்' எடுத்து ஒருக்கால் பாருங்கள். கூகுளே உங்கள் தளத்தில் காட்டும் அட்சென்ஸ் விளம்பரங்களுக்கு இந்த வேலை தேவையில்லை.

மாங்குளம்: பாடசாலைப் பழைய மாணவர் தளம். விளையாட்டுப் போட்டிக்கு அனுசரணை தந்த கடையின்ர லோகோவை எல்லாப் பக்கத்தின்ர அடியிலயும் லிங்கோட போட்டிருக்கிறம். காசு தரேல்ல, தண்ணிப் போத்தலும் ரீ-சேர்ட்டும்தான்.

பொருளும் சேவையும் காசு மாதிரித்தான். 'ஸ்பொன்சர்ட்' என்றாலே அனுசரணைதானே, குறியைப் போட்டுவிடுங்கள். எல்லாப் பக்கத்திலும் வேண்டாம். 'அனுசரணையாளர்கள்' என்று ஒரு பக்கம் காணும்.

வவுனியா: மரண அறிவித்தலுக்குக் காசு வாங்கிறம். அதில குடும்பம் கேக்கிற நேரலை லிங்குக்கும் குறி வேணுமோ?

போடுங்கள். அறிவித்தலைப் பார்ப்பவர் லிங்கைத் தட்டலாம், நேரலை திறக்கும், எதுவும் குறையாது. குறி தேடுபொறிக்கு மட்டும்.

வவுனியா: எங்கட கல்யாண மண்டபத் தளத்துக்கு 500 பேக்லிங்க் (வேற தளங்களில இருந்து எங்களுக்கு வாற லிங்க்) வாங்கினம். இப்ப கூகுள் தளக்காரருக்குத் தாற சேர்ச் கொன்சோலில எச்சரிக்கை வந்திருக்கு.

முதலில் அங்கே 'மெனுவல் அக்ஷன்ஸ்' (கூகுள் ஆட்கள் பார்த்துப் போட்ட தண்டனைகள்) பக்கத்தில் செய்தியைச் சரியாக வாசியுங்கள். 'உங்கள் தளத்துக்கு வரும்' லிங்கா, 'தளத்திலிருந்து போகும்' லிங்கா? போகும் லிங்க் என்றால் அழித்தோ குறி போட்டோ ஒரு பின்னேரத்தில் முடிக்கலாம். உங்களுடையது வரும் லிங்காகத்தான் இருக்கும்.

'லிங்க்ஸ்' அறிக்கையை இறக்கி, வாங்கியவற்றைப் பிரியுங்கள். விற்றவரிடமே அகற்றச் சொல்லுங்கள், கேட்ட திகதியையும் குறித்து வையுங்கள். அகற்ற ஏலாத மிச்சத்துக்கு 'டிஸ்அவோ' (இந்த லிங்குகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளுக்குச் சொல்லும்) கோப்பு: வெறும் எழுத்துக் கோப்பு, யூ.ரி.எஃப்-8, வரிக்கு ஒன்று. முழுத் தளத்தையும் தள்ள 'டொமைன்' (domain) என்ற சொல், முக்காற்புள்ளி, இடைவெளியில்லாமல் தளப் பெயர். எச்.ரி.ரி.பி முன்னொட்டு அங்கே வேண்டாம். கனபேர் திண்டாடுவது ஏற்றும்போதுதான்: கொன்சோலில் உங்கள் தளத்தை 'டொமைன்' வகைச் சொத்தாகப் பதிந்திருந்தால் இந்தக் கருவி அதை ஏற்காது. 'யூ.ஆர்.எல் பிரிஃபிக்ஸ்' வகையாக இன்னொரு தரம் பதிந்துவிட்டு ஏற்றுங்கள்.

அதற்குப் பிறகுதான் மீளாய்வு விண்ணப்பம். வாங்கியதை மறைக்காமல், எத்தனை அகற்றினீர்கள், எத்தனை தள்ளினீர்கள் என்று எழுதுங்கள். மறுமொழிக்குச் சில நாளும் ஆகும், சில கிழமையும் ஆகும். இடையில் இரண்டாவது விண்ணப்பம் போடாதீர்கள். தண்டனை நீங்கினாலும் பழைய இடம் அப்படியே கிடைக்காது, அந்த 500 லிங்கின் பலமும் சேர்ந்தே போயிருக்கும்.

எச்சரிக்கை வராதவர்கள் இந்தக் கோப்பைத் தொடவேண்டாம். நல்ல லிங்கையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள்.

புதுக்குடியிருப்பு: போனில திறந்த உடன முழுத்திரை விளம்பரம் வாறது பிழையோ?

பிழை. தேடலிலிருந்து வந்தவரை அப்படி மறிக்கும் பக்கத்தை 2017 ஜனவரியிலிருந்து கூகுள் கீழே இறக்கலாம்.

முல்லைத்தீவு: கருவாடு விக்கிறம். கூகுளுக்கு விளம்பரக் காசு கட்டினால் தேடலில மேல வருமோ?

விளம்பர இடத்தில் வரும். கீழேயுள்ள சாதாரண முடிவுகளில் ஒரு படியும் ஏறாது. கூகுள் தனக்கே சலுகை கொடுக்கவில்லை: 2012 ஜனவரியில் குரோம் விளம்பர வேலையொன்றில் குறியில்லாத லிங்க் ஒன்று தப்பிவிட, தன் குரோம் பக்கத்தையே 60 நாளுக்குக் கீழே இறக்கியது. விளம்பரம் போடுவதென்றால் இடத் தெரிவை உடனே பாருங்கள். அந்த இடத்தில் 'இருப்பவர்கள் அல்லது ஆர்வமுள்ளவர்கள்' என்றுதான் முதலில் இருக்கும். அப்படியே விட்டால் முல்லைத்தீவைப் பற்றித் தேடும் ரொறன்ரோக்காரருக்கும் விளம்பரம் போகும். அவர் தட்டினாலும் காசு உங்களுடையது. வன்னிக்குள் மட்டும் விற்பதென்றால் 'இருப்பவர்கள்' என்று மாற்றுங்கள்.