அம்மாவின் கதிரை

அன்புள்ள அக்கா,

ஓகஸ்ட் விடுமுறைக்குப் பாசிக்குடாவில் ஒரு பெரிய விடுதியில் மூன்று இரவு தங்கினோம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. நல்ல சாப்பாடு, விடுதிக்கென்றே தனிக் கடற்கரை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆட்கள். ஆனால் இரண்டு பேரும் நீச்சல் குளத்தை விட்டு வரவேயில்லை. கடலில் ஒருதரம் கால் நனைத்ததோடு சரி. மட்டக்களப்புக் கல்லடியில் பிறந்து வளர்ந்த அம்மாவும் எங்களோடு வந்தார். அவர் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கடலுக்கு முதுகு காட்டியபடி மூன்று நாளும் குளத்தடியிலேயே இருந்தார். இவ்வளவு காசும் வீண் என்கிறார் கணவர். சின்னப் பிள்ளைகளோடு இப்படியான இடங்களுக்குப் போவது சரியா? எந்த வயதில் கூட்டிப்போகலாம்?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சி,

காசு வீணா இல்லையா என்பதை நீங்களும் கணவரும் பேசிக்கொள்ளுங்கள். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. எந்த வயதிலும் கூட்டிப்போகலாம். கைக்குழந்தையை வெயிலில் வைக்காதீர்கள். பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை எல்லோரும் நிழலில் இருங்கள். தண்ணீரில் நிற்கிற பிள்ளை எப்போதும் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். காற்றடைத்த மிதவையைக் கையில் மாட்டிவிட்டோம் என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் கத்தாது, சத்தமில்லாமல் போய்விடும். குளத்திலும் அப்படித்தான், கடலிலும் அப்படித்தான். நீங்கள் போனது நல்ல மாதம். நவம்பருக்குப் பிறகு, வாடைக்காற்று வீசும் மாதங்களில், எங்கள் பக்கக் கடல் பிள்ளைகளுக்கு உரியதல்ல.

தனிக் கடற்கரை என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்குப் பழக்காதீர்கள். இந்த நாட்டில் அலை வந்து தொடுகிற கரை எந்த விடுதிக்கும் சொந்தமில்லை. நீங்கள் சாய்ந்து படுத்திருந்த அந்த மணலில் தோணிகளை இழுத்து வைத்துச் சீவித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நடந்துபோனால் உங்கள் மகள் "இது எங்கட இடம்" என்று சொல்லக்கூடாது.

இனி அந்தக் கதிரைக்கு வருகிறேன். நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நானும் கல்லடிதான். என் அம்மப்பா கரைவலைக்காரர். நாலு வயதில் என்னை அலை முடிகிற இடத்தில் நிறுத்தி, அலை திரும்பும்போது குதிக்காலுக்குக் கீழே மண் உருவிப் போவதைப் பார் என்பார். கால் புதையும், உடம்பு பின்னுக்குச் சாயும், அவருடைய ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "கடலுக்கு மட்டும் முதுகு காட்டாத மகள்" என்பார். வலை கரையேறும்போது சூடை மீனும் கீரி மீனும் வெள்ளிக்காசு கொட்டியதுபோலத் துள்ளும். என் அம்மா ஓலைப்பெட்டியோடு ஓடி வருவா. அவவைவிட வேகமாகக் கரை நண்டு பிடிக்கிற ஆளை நான் கண்டதில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா நாள். கல்லடியில், நாவலடியில், எங்கள் ஊர்த் திருச்செந்தூரில் என்ன நடந்தது என்பதை உங்கள் அம்மா உங்களுக்குச் சொல்லியிருக்கிறாரா? முருகன் கோயில் கோபுரம் சரிந்து நின்றதைச் சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். என் அம்மாவும் சொல்லவில்லை. மாதக்கணக்கில் வீட்டில் மீன் சமைக்கவில்லை. கடல் தெரிகிற யன்னலை அடைத்து அலுமாரியை அதற்கு முன்னால் நகர்த்தி வைத்தா. நாங்களும் கேட்கவில்லை.

அப்போது என் மகனுக்கு நாலு வயது. அம்மப்பா என்னைக் கரையில் நிறுத்திய அதே வயது. நான் அவனைக் கொண்டுபோகவில்லை. ஒரு வருடம் போகட்டும் என்றேன். அடுத்த வருடமும் அதையே சொன்னேன். கடலிலிருந்து அரைக் கிலோமீற்றர் தள்ளி வளர்ந்த பிள்ளை, இரவில் அலைச்சத்தம் கேட்டு நித்திரையான பிள்ளை, பதின்மூன்று வயதுவரை கடலில் கால் வைக்கவில்லை. இது என் பிழை. போரிலும் ஆழிப்பேரலையிலும் போட்டு இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

2013இல் உறவுக்காரப் பிள்ளைகளோடு பாசிக்குடாவுக்குப் போனோம். எல்லோரும் இறங்கிவிட்டார்கள், இவன் மட்டும் தென்னைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூப்பிட்டேன், வரவில்லை. அப்போதுதான் கவனித்தேன், நானும் இறங்கியிருக்கவில்லை. என் செருப்புக்கூட நனையவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். பாசிக்குடா உங்களுக்குத் தெரியும்தானே, வெளியே முருகைக்கற்பாறை அலையைத் தடுத்து வைத்திருக்கிறது. நடந்துகொண்டே போகலாம், முழங்கால், இன்னும் நடந்தால் இடுப்பு. அவ்வளவு தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவன் மரத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் விளிம்பில் நின்றான். திரும்பி வந்து ஒரு விரலை நீட்டினேன். மீசை அரும்புகிற வயதுப் பையன், மூன்று வயதுக் குழந்தை மாதிரி அதைப் பிடித்தான். அவன் கை நடுங்கியது இன்னும் என் விரலில் இருக்கிறது.

அதனால்தான் கேட்கிறேன் தங்கச்சி, நீங்கள் இறங்கினீர்களா? கடிதத்தை மூன்றுதரம் வாசித்துவிட்டேன். பிள்ளைகள் இறங்கவில்லை, அம்மா திரும்பி இருந்தார், கணவர் காசைக் கணக்குப் பார்த்தார். நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று ஒரு சொல் இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்களாம். அவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள், குளத்தில் பந்து போட்டு விளையாட்டுக் காட்டுவார்கள். கடலை அறிமுகப்படுத்துவது அவர்களுடைய வேலையா? ஆறு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் முகத்தை வாசிக்கத் தெரியும். அம்மம்மா ஏன் கதிரையைத் திருப்பினா என்று உங்கள் மகள் கேட்டிருக்கமாட்டாள். ஆனால் பார்த்திருக்கிறாள். குளத்தை விட்டு அவள் வராததற்கு வேறு காரணம் தேடவேண்டாம்.

உங்களைக் கடிந்துவிட்டேன், கோபிக்காதீர்கள். எனக்குச் சொல்லவேண்டியதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

அம்மாவைக் கட்டாயப்படுத்தவேண்டாம். "கொஞ்சம் திரும்பி இருங்களேன்" என்றுகூடச் சொல்லவேண்டாம். யாரை எல்லாம் அன்றைக்குக் கொடுத்தாரோ, நமக்குத் தெரியாது. ஆனால் அவருக்குப் பக்கத்தில் மகளை உட்கார வைத்து, சின்ன வயதில் நண்டு எப்படிப் பிடிப்பீர்கள் அம்மம்மா என்று கேட்கச் சொல்லுங்கள். என் மகன் கேட்டான். பாசிக்குடாவிலிருந்து வந்த அன்றிரவு, உப்புப் படிந்த காலோடு குசினி வாசலில் நின்று கேட்டான். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. கையை நிறுத்திவிட்டு, நண்டு வளைக்கு மேலே உள்ளங்கையை எப்படிக் கவிழ்ப்பது என்று நிலத்தில் வைத்துக் காட்டினா. துருவல் ஒட்டிய கை. ஒன்பது வருடத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் கடலைப் பற்றி ஒரு பேச்சு.

அந்த யன்னல் இன்னும் அடைத்துத்தான் இருக்கிறது. நான் திறக்கவில்லை.

கல்லடிக்கு வந்தால் எழுதுங்கள். விடியற்காலையில் வலை இழுப்பார்கள், நான் உங்களோடு வருகிறேன். பிள்ளைகளுக்கு மாற்றுடுப்பு ஒன்று கொண்டுவாருங்கள், உங்களுக்கும் ஒன்று.

அன்புடன்,
அக்கா