ப்ராசசர் எவ்வளவு வேலை செய்தது என்று கேட்டால்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்று நேர்காணல்களிலும் ஒரே இடத்தில்தான் தடுமாறியிருக்கிறீர்கள். சி மொழிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டீர்கள், செய்த ப்ராஜெக்டையும் விளக்கிவிட்டீர்கள். "அது ஓடும்போது ப்ராசசர் எவ்வளவு வேலை செய்தது, எப்படிப் பார்த்தாய்?" என்று கேட்டதும் வாய் அடைத்துப்போயிருக்கிறது. இன்னொரு கோர்ஸில் சேரட்டுமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். அந்தப் பதில் உங்கள் மேஜை மேல் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டிலேயே இருக்கிறது. டிபக்கரை (ஓடும் ப்ரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் கருவி) இதுவரை பிரேக்பாயின்ட் வைத்து நிறுத்திப் பார்க்க மட்டும்தான் பயன்படுத்தியிருக்கிறீர்கள். இனி அதில் எண்களைப் படிக்கப் பழகுங்கள்.

உங்கள் ப்ராஜெக்டையே எடுத்துக்கொள்வோம். யுஏஆர்டி (பைட்டுகளைப் பிட் பிட்டாக வயரில் அனுப்பும் இணைப்பு) வழியாக நொடிக்கு 115200 பிட் வேகத்தில் தரவு வருகிறது, அவ்வப்போது சில பைட்டுகள் காணாமல் போகின்றன, வயர் சரியில்லை என்று நினைத்து மாற்றினேன் என்று எழுதியிருந்தீர்கள். வயரைத் தொடுவதற்கு முன் டிபக்கரில் பெரிஃபெரல் ரெஜிஸ்டர்களை (யுஏஆர்டி, டைமர் போன்ற பகுதிகளின் நிலையை வைத்திருக்கும் சிறு நினைவிடங்கள்) காட்டும் ஜன்னலைத் திறந்திருக்க வேண்டும். சிப் தயாரிப்பாளர் தரும் எஸ்விடி கோப்பை டிபக்கருக்குக் கொடுத்தால், வெறும் முகவரிகளாக இருப்பவை பெயரோடு, பிட் பிட்டாகத் தெரியும். அங்கே யுஏஆர்டியின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் ஓவர்ரன் பிட் 1 ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால், முந்தைய பைட்டை எடுப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது என்று அர்த்தம். வயர் மேல் பழியில்லை.

சரி, ஏன் எடுக்கவில்லை? இங்கேதான் ப்ராசசர் பக்கம் போக வேண்டும். உங்களுடையது கார்டெக்ஸ் எம்4 ப்ராசசர், 100 மெகாஹெர்ட்ஸ். அதற்குள், ப்ராசசர் ஓடுவதைக் கண்காணிக்க டிடபிள்யூடி என்றொரு பகுதி இருக்கிறது. அதில் ப்ராசசரின் சைக்கிள்களை, அதாவது கடிகாரத் துடிப்புகளை, எண்ணும் சைக்கிள் கவுண்டர் 0xE0001004 என்ற முகவரியில் இருக்கும். 0xE000EDFC முகவரியில் இருக்கும் ரெஜிஸ்டரில் 24-ஆவது பிட்டை முதலில் 1 ஆக்குங்கள், அப்புறம் 0xE0001000-இல் 0-ஆவது பிட்டை 1 ஆக்குங்கள். கவுண்டர் ஓட ஆரம்பித்துவிடும். (நண்பரிடம் கார்டெக்ஸ் எம்0 போர்டு இருந்தால் அதில் இதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அதில் இந்தக் கவுண்டர் கிடையாது.) ஒரு மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வரும் உங்கள் டைமர் இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைமறிக்கும் அழைப்பு) ஃபங்ஷனின் முதல் வரியிலும் கடைசி வரியிலும் இந்த மதிப்பை எடுத்துக் கழியுங்கள்.

அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே தசம எண்களை எழுத்தாக மாற்றும் வேலையை வைத்திருக்கிறீர்கள் என்பதால், விடை பெரிதாகத்தான் வரும். பேச்சுக்கு 37,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிசெகண்டுக்கு மொத்தமே 1,00,000 சைக்கிள். அதாவது ப்ராசசரின் நேரத்தில் 37 சதவீதத்தை இந்த ஒரு ஃபங்ஷனே தின்றுவிடுகிறது. 115200 வேகத்தில் ஸ்டார்ட், ஸ்டாப் பிட்டுகளையும் சேர்த்து ஒரு பைட் வர சுமார் 87 மைக்ரோசெகண்ட், அதாவது 8,700 சைக்கிள் ஆகும். டைமர் ஃபங்ஷன் முடிவதற்குள் நான்கு பைட்டுகள் வந்து நிற்கின்றன. இரண்டு இன்டரப்ட்டுக்கும் ஒரே முன்னுரிமை என்பதால் யுஏஆர்டியால் குறுக்கே புக முடியாது. உங்கள் பைட்டுகள் தொலைந்த இடம் இதுதான். அந்த மாற்றும் வேலையை மெயின் லூப்புக்குக் கொண்டுபோய்விட்டு, மறுபடி அளந்து பாருங்கள்.

இதில் கவனமாக இருக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. நான் வழிகாட்டிய ஒரு மாணவிக்கு இதனாலேயே இரண்டு நாள் போனது. பல சிப்களில் டேட்டா ரெஜிஸ்டரைப் படித்தாலே "பைட் வந்திருக்கிறது" என்ற பிட் அழிந்துவிடும். ஸ்டேட்டஸையும் டேட்டாவையும் அடுத்தடுத்துப் படித்தால் ஓவர்ரன் பிட்டும் அழியும். ஜன்னலில் அந்த ரெஜிஸ்டர் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும், டிபக்கரே போய்ப் படித்து, நீங்கள் தேடும் தடயத்தைத் துடைத்துவிடும். ஆகவே, எந்த ரெஜிஸ்டரைப் படித்தால் எது மாறும் என்பதை சிப்பின் கையேட்டில் பார்த்துவிட்டு ஜன்னலைத் திறவுங்கள். ப்ராசசரை நிறுத்தினாலும் டைமர்கள் ஓடிக்கொண்டே இருக்கும் சிப்களும் உண்டு. அவற்றை உறையவைக்கத் தனி பிட் இருக்கும்.

சைக்கிள் கவுண்டர் 32 பிட். 100 மெகாஹெர்ட்ஸில் சுமார் 43 நொடிக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். நீண்ட நேரத்தை அதில் அளக்காதீர்கள். அதே டிடபிள்யூடியில் 8 பிட் கவுண்டர்கள் சிலவும் இருக்கின்றன. தூங்கிய சைக்கிள், மெமரிக்காகக் காத்திருந்த சைக்கிள் என்று தனித்தனியாக எண்ணும். அதில் எக்ஸப்ஷன் கவுண்டர் என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது இன்டரப்ட்டுக்குள் நுழையவும் வெளியே வரவும் ஆன செலவை மட்டுமே சொல்லும், ஃபங்ஷன் ஓடிய நேரத்தைச் சொல்லாது. நேர்காணலில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னால், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

போர்டு இல்லாத உங்கள் நண்பர்கள் கியூஇஎம்யு போன்ற எமுலேட்டரில் (சிப்பைப் போல நடிக்கும் மென்பொருள்) ரெஜிஸ்டர்களைப் படித்துப் பழகலாம். ஆனால் அது சைக்கிள் கணக்கைத் துல்லியமாகத் தராது. நேரம் அளக்க உண்மையான சிப்தான் வேண்டும்.

இப்போது ரெஸ்யூமே. "எம்பெடட் சி, டிபக்கிங் தெரியும்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். என்ன கோளாறு, எந்த பிட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தீர்கள், சரிசெய்வதற்கு முன் எத்தனை சைக்கிள், பின் எத்தனை என்று இரண்டு வரி எழுதுங்கள். நான் மேலே சொன்ன 37,000 உதாரணம்தான், அதை எழுதிவிடாதீர்கள். உங்கள் போர்டில் நீங்கள் அளந்த எண் வரட்டும். அடுத்த நேர்காணலுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றீர்களே, அளப்பதற்கு ஒரு வாரம் போதும். ப்ரோகிராமை மாற்றுவதற்கு முன் முதல் அளவை எடுத்து எனக்கு அனுப்புங்கள்.