திருப்பூர்க் குழுவுக்குக் காணொளிப் பாடம் மட்டும் போதுமா?

வணக்கம். பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கு மென்பொருள் எழுதும் உங்கள் 14 பேர் குழு பிஎச்பி என்ற நிரல்மொழியிலிருந்து பைத்தான் என்ற நிரல்மொழிக்கு மாற, காணொளிப் பாடங்களை வாங்கி அவரவர் வசதிக்குப் படிக்க விடலாமா, அல்லது கோவையிலிருந்து பயிற்சியாளரையும் வாரந்தோறும் வரவழைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் கலந்த பயிற்சியையே பரிந்துரைக்கிறேன்.

மொழியின் இலக்கணத்துக்கு வகுப்பு தேவையில்லை. பைத்தானின் அதிகாரபூர்வப் பயிற்சிக் கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் ஒரே ஆர்டரை நிறம், அளவு வாரியாகப் பிரித்து, சாயப்பட்டறைக்கும் தையலுக்கும் அனுப்பிக் கணக்கு வைக்கும் உங்கள் பழைய நிரலை எப்படிப் பகுத்து மாற்றி எழுதுவது என்பதை எந்தக் காணொளியும் சொல்லித் தராது. அதற்கு ஒருவர் அந்த நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு அருகில் உட்கார வேண்டும். ஈரோட்டில் நான் பணியாற்றிய இடத்தில் காணொளி மட்டும் கொடுத்தபோது, வேலை நெருக்கிய வாரத்தில் ஒவ்வொருவராகப் படிப்பை விட்டார்கள். சோம்பலால் அல்ல, சிக்கிய இடத்தில் கேட்க ஆளில்லாததால்.

வாரத்தில் 3 மணி நேரத்தை வேலை நேரத்துக்குள்ளேயே தனிப்படிப்புக்கு ஒதுக்குங்கள். பல்லடத்திலிருந்தும் அவிநாசியிலிருந்தும் தினமும் பேருந்தில் வந்து போகிறவர்களை வீட்டில் படிக்கச் சொல்வது நியாயமில்லை. பயிற்சியாளர் வரும் நாளில் பாடத்தை மீண்டும் விளக்க வேண்டாம். அந்த வாரம் எழுதிய நிரலை எல்லோரும் சேர்ந்து அலசட்டும்.

பயிற்சியாளருக்கான செலவு கட்டுப்படியாகாவிட்டால், ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் (ஐஐஎஸ்சி) இணைந்து நடத்தும் என்பிடெல் இணையவழிப் படிப்பில் சேருங்கள். சேரக் கட்டணமில்லை, வாராந்திரப் பயிற்சி வினாக்களுக்குக் கெடுவும் உண்டு. வார அமர்வை உங்கள் மூத்த நிரலாளரே நடத்தலாம். அப்படியானால் அவருடைய வழக்கமான வேலையைக் குறைத்துக் கொடுங்கள்.