சமூகப்பணி, மனநல ஆராய்ச்சிக்கு நிதி: சேலத்துக் கேள்விகளுக்குச் சில பதில்கள்

சேலம், ஆத்தூர், மேட்டூர், ஏற்காடு பகுதிகளில் சமூகப்பணி பயில்வோரும் கற்பிப்போரும் களத்தில் உழைப்போரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பல ஆண்டுகள் சமூகப்பணி கற்பித்தவன் என்ற முறையிலும், ஆய்வுத் திட்டங்களை மதிப்பிடும் குழுக்களில் சில காலம் அமர்ந்தவன் என்ற முறையிலும் நான் அறிந்தவற்றையே எழுதுகிறேன். ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி (ஏற்காடு, தொண்டு நிறுவனப் பணியாளர்): சேர்வராயன் மலைக் கிராமங்களில் குடிப்பழக்கத்தையும் மனச்சோர்வையும் ஆராய விரும்புகிறேன். ‘பிஹேவியரல் ஹெல்த்’ என்று தேடினால் அமெரிக்க நிதிகள்தாம் கண்ணில் படுகின்றன. நம் நாட்டில் யாரிடம் கேட்பது ஐயா?

பதில்: மனநோய், குடிநோய், போதைப்பழக்கம் மூன்றையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவரும் அந்தச் சொல் அமெரிக்க நிர்வாக வழக்கு. நம் நாட்டு அறிவிப்புகளில் அந்தத் தலைப்பு அரிதாகவே வரும் என்பதால், ‘மனநலம்’, ‘பொதுச் சுகாதாரம்’, ‘பழங்குடியினர் நலம்’, ‘போதைப்பொருள் பயன்பாடு’ என்று தனித்தனியாகத் தேடுங்கள்.

முதன்மையான வாசல்கள் இரண்டு. ஒன்று, 1969-இல் தொடங்கப்பட்ட இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவாகிய ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்.; மற்றொன்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவாகிய ஐ.சி.எம்.ஆர். உங்கள் பொருளை இவ்விரண்டும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. காப்பித் தோட்டக் கூலி எப்படிக் கொடுக்கப்படுகிறது, குடிக்குச் செலவாகும் பணம் வீட்டில் எந்தச் செலவைக் குறைக்கிறது, பெண்கள் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள், மலையிலிருந்து இறங்கிச் சேலத்து அரசு மருத்துவமனைக்குப் போக ஏன் தயங்குகிறார்கள் என்று கேட்டால், அது சமூக அறிவியல் கேள்வி. முதல் வாசலுக்கு உரியது. எத்தனை பேருக்கு இந்நோய் இருக்கிறது, கிராமச் செவிலியரோ களப்பணியாளரோ தரும் குறுகிய ஆலோசனை குடியைக் குறைக்கிறதா, அதை எந்த அளவுகோலால் அளப்பது என்று கேட்டால், அது இரண்டாம் வாசலுக்கு உரியது. முதல்முறை விண்ணப்பிப்போர் பெரும்பாலும் இரண்டையும் ஒரே திட்டத்தில் கலந்துவிடுகிறார்கள். அப்போது சமூகவியலாளர் இதை மருத்துவம் என்று ஒதுக்குகிறார், மருத்துவர் இதை வெறும் விவரிப்பு என்று ஒதுக்குகிறார். நான் அமர்ந்த குழுக்களில், திறமைக் குறைவால் தள்ளப்பட்டவற்றைவிட இப்படி வாசல் மாறி வந்து தள்ளப்பட்ட திட்டங்களே மிகுதி.

மூன்றாவதாக, உதகமண்டலத்தில் இயங்கும் பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்தையும் அணுகிப் பாருங்கள். பணம் கிடைக்காவிட்டாலும், மலைவாழ் மக்களைப் பற்றி முன்பு நடந்த ஆய்வுகளை அறிய அது உதவும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் ஆராயப்போகும் சேர்வராயன் மலை மக்களை விண்ணப்பத்தில் ‘மலையாளி’ என்று மட்டும் எழுதினால், தில்லியில் அமர்ந்திருக்கும் மதிப்பீட்டாளர் கேரளத்தை நினைத்துக்கொள்வார். இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் பழங்குடியினர் என்பதையும், காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் மரபில் சொல்லிக்கொள்பவர்கள் என்பதையும் இரண்டே வரிகளில் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். தேவையை நிறுவ, பெங்களூருவிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமாகிய நிமான்ஸ் 2015–16-இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வை மேற்கோள் காட்டலாம். தமிழ்நாடும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஆய்வுக் காலத்தில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்ததாகவும், மருத்துவம் கிட்டாதோர் பங்கு நோய்க்கு நோய் மாறி ஏறத்தாழ 70 முதல் 92 விழுக்காடு வரை இருப்பதாகவும் அவ்வாய்வு கூறியது. ஆனால் மாநில அளவில் எடுக்கப்பட்ட மாதிரி, ஏற்காட்டு மலைக் கிராமங்களான நாகலூருக்கோ வாழவந்திக்கோ தனியாக எதையும் சொல்லாது. அந்த இடைவெளிதான் உங்கள் ஆய்வுக்கான நியாயம். அதைத் தெளிவாக எழுதுங்கள்.

கேள்வி (அதே பணியாளர்): எங்கள் அறக்கட்டளையே நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா?

பதில்: எழுதுவது எளிது, தகுதி பெறுவது கடினம். ஐ.சி.எம்.ஆர். போன்ற அமைப்புகள் தொண்டு நிறுவனத்திடம் தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்பண் இணையதளப் பதிவையும், அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சித் துறையின் அங்கீகாரத்தையும் எதிர்பார்க்கின்றன. சிறு அறக்கட்டளைகளிடம் இரண்டாவது அநேகமாக இருப்பதில்லை. ஆகவே பல்கலைக்கழகத் துறையிலோ, கல்லூரியிலோ, அரசு மருத்துவக் கல்லூரியிலோ நிரந்தரப் பணியில் உள்ள ஓர் ஆசிரியரை முதன்மை ஆய்வாளராகவும், உங்களை இணை ஆய்வாளராகவும் வைத்து விண்ணப்பிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் ஒருவர் குழுவில் இருந்தால், நோய் கண்டறியப்பட்டவர்களை எங்கே அனுப்புவீர்கள் என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

அந்தக் கூட்டு எழுத்தில் இருக்க வேண்டும். நேர்காணல் பதிவுகள் யாரிடம் இருக்கும், கட்டுரையில் யார் பெயர் எவ்வரிசையில் வரும், களப்பணியாளர் பயணப்படியை யார் எந்தத் தேதிக்குள் தருவார் என்ற மூன்றையாவது பணம் வருவதற்கு முன்பே எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். நான் பணியாற்றிய ஓரிடத்தில், திட்டப் பணம் கணக்குக்கு வந்து ஏழு மாதங்கள் ஆகியும் களப்பணியாளர்களுக்குப் பேருந்துச் செலவுகூடப் போய்ச் சேரவில்லை. மலைக்குப் போய்வந்த பெண்கள் இருவர் சொந்தக் காசைச் செலவிட்டார்கள் என்பதை நான் அறிந்தபோது, அவர்களில் ஒருவர் வேலையை விட்டுப் போயிருந்தார். ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்திருந்தால் நான் கேட்டிருக்க முடியும். அதை எழுதாமல் விட்டது என் பிழை.

கேள்வி (ஆத்தூர், முதுகலை இறுதியாண்டு மாணவி): முனைவர் பட்டம் படிக்க உதவித்தொகை எப்படிப் பெறுவது?

பதில்: முதலில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) தேசியத் தகுதித் தேர்வாகிய நெட் எழுதுங்கள் அம்மா. சமூகப்பணி அதில் தனிப்பாடம். அத்தேர்வின் வழியே கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். பின்னர் முதுநிலைக்கு உயரும்போது 42,000 ரூபாய். இளநிலைக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு நடுவண் அரசின் தேசிய ஆய்வு உதவித்தொகைகள் தனியே உள்ளன. பழங்குடியினருக்கான திட்டத்தில் ஆண்டுக்கு 750 இடங்கள். மலைக் கிராமங்களிலிருந்து படித்து வரும் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை என்பதால் சற்று உரக்கவே சொல்கிறேன். நெட்டில் இளநிலை கிடைக்காதவர்கள், முழுநேரமாகப் பதிவு செய்த பின் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். முனைவர் ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

கேள்வி (சேலம், மருத்துவமனைச் சமூகப்பணியாளர், பகுதிநேர ஆய்வாளர்): எனக்கு வயது 41. எனக்கென்று ஏதாவது உண்டா?

பதில்: உண்மையைச் சொன்னால், பகுதிநேர ஆய்வாளருக்கு உதவித்தொகை என்று அநேகமாக ஒன்றும் இல்லை. பணம் குறைவாகத் தேவைப்படும் கேள்வியைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. நீங்கள் வேலை செய்யும் இடத்துப் பதிவேடுகளே ஆய்வுப்பொருள்தாம். முறையான அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பெற்றால் போதும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வளர்க்க இயலாத குழந்தையை அரசிடம் ஒப்படைக்க வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கியது இதே சேலத்தில்தான். அதன் ஆவணங்களையும், அக்காலத்துப் பணியாளர்களின் நினைவுகளையும் தொகுக்க இலட்சங்கள் தேவையில்லை, பொறுமை தேவை.

கேள்வி (சேலம், கல்லூரி ஆசிரியர்): வெளிநாட்டு நிதிக்கு நேரே போய்விடலாமா? தொகை பெரிதாக இருக்கிறதே.

பதில்: தொகை பெரிதுதான், கட்டுப்பாடும் பெரிது. தனிமனிதருக்கான கல்வி உதவித்தொகைக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் விலக்கு அளிக்கிறது; ஆகவே அமெரிக்காவில் படிக்கவும் ஆராயவும் தரப்படும் ஃபுல்பிரைட்–நேரு போன்ற உதவித்தொகைகளுக்கு அச்சமின்றி விண்ணப்பிக்கலாம். நிறுவனத்துக்கு வரும் திட்டப் பணம் வேறு. 2020 திருத்தத்தின்படி அப்பணம் முதலில் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஒரு நிறுவனம் பெற்றதை மற்றொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. சென்னையிலுள்ள பெரிய அமைப்பு பணம் பெற்று ஏற்காட்டுச் சிறு அமைப்புக்கு அனுப்பும் பழைய வழக்கம் அத்தோடு முடிந்தது. சுகாதார ஆய்வில் வெளிநாட்டுக் கூட்டு இருந்தால், ஐ.சி.எம்.ஆர். வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதலும் வேண்டும்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம், வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் துணை மானியமாகப் பணம் பிரித்துத் தரும் பழைய முறையை நிறுத்துவதாக 2025 மே மாதத்தில் அறிவித்தது. அதை நம்பித் திட்டம் வகுத்தவர்கள் மாற்றி எழுத வேண்டியிருந்தது. பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை மனநலத்தில் பதற்றம், மனச்சோர்வு, மனச்சிதைவு வகை நோய்கள் ஆகியவற்றில் கவனம் செலுத்துகிறது. அவ்வறக்கட்டளையும் நம் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2008-இல் சேர்ந்து அமைத்த இந்தியா அலையன்ஸ், பொதுச் சுகாதார ஆய்வாளர்களுக்கும் உதவித்தொகை தருகிறது, போட்டி கடுமை. முதலில் உள்நாட்டுச் சிறு திட்டம் ஒன்றை முடித்து, ஒரு கட்டுரையேனும் வெளியிட்ட பிறகு அங்கே போவதே என் யோசனை.

கேள்வி (மேட்டூர், அறக்கட்டளைச் செயலாளர்): நம் மாவட்டத்திலேயே பெரிய ஆலைகள் இருக்கின்றன. அவர்களிடம் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் ‘ஆராய்ச்சி’ என்ற சொல்லை முன்னால் வைக்காதீர்கள். 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அதன் பட்டியலில் நோய்த் தடுப்பும் சுகாதாரமும் உண்டு. தனி அறக்கட்டளையின் ஆய்வுக்கு நேரடி இடம் குறைவு. ஆகவே குடிநோய்க்கான ஆலோசனைப் பணியைத் திட்டமாக முன்வைத்து, தொடக்கக் கணக்கெடுப்பையும் இறுதி மதிப்பீட்டையும் அதன் பகுதிகளாகச் சேர்த்தால் ஆய்வும் நடந்துவிடும். இத்தகைய பணம் பெற விரும்பும் அறக்கட்டளைகள் அரசிடம் செய்ய வேண்டிய சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவு இல்லாமல் பேச்சே எழாது. மதுபானத் தொழிலோடு தொடர்புடைய பணம் வந்தால் மட்டும், எவ்வளவு பெரிதாக இருந்தாலும், குடி பற்றிய ஆய்வுக்கு வாங்காதீர்கள். முடிவு நேர்மையாகவே இருந்தாலும் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி (ஆசிரியர்கள் மூவர்): வரவு செலவுத் திட்டத்தில் நாங்கள் எதை விட்டுவிடுகிறோம்?

பதில்: கணினி வாங்குவதை யாரும் மறப்பதில்லை. மறப்பது மனிதர்களுக்கான செலவை.

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ.-9, குடிப்பழக்கத்தை அளக்கும் உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் கொண்ட ஆடிட் ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். வேறு சில அளவுகோல்களுக்கு ஒவ்வொரு படிவத்துக்கும் காசு கட்ட வேண்டும். அதைப் பணம் வந்த பிறகு அறிந்து திகைத்தவர்கள் உண்டு. எதைப் பயன்படுத்தினாலும், அச்சிலுள்ள தமிழ் மலைமேல் பேசும் தமிழுக்கு ஒத்துவருகிறதா என்று சிலரிடம் சோதித்துப் பார்க்கும் வேலைக்கு இரண்டு வாரமும் அதற்குரிய கூலியும் ஒதுக்குங்கள். ‘மனச்சோர்வு’ என்றால் புரியாத இடத்தில் ‘மனசு ஒரு மாதிரியா இருக்கு’ என்பது புரியும்.

பயணச் செலவைச் சமவெளிக் கணக்கில் போடாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைவது பாதி வழிதான். அங்கிருந்து உட்கிராமத்துக்குச் செல்ல வாடகை வண்டி வேண்டும், மழை நாளில் திரும்ப முடியாமல் தங்கவும் நேரிடும்.

பிறகு, தற்கொலை எண்ணம் இருப்பதாக ஒருவர் நேர்காணலில் சொன்னால் அன்றைக்கே என்ன செய்வீர்கள் என்பதற்கும் பணம் ஒதுக்க வேண்டும். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையாகிய டெலி மானஸின் உதவி எண் 14416-ஐத் தாளில் அச்சிட்டுக் கொடுப்பது தேவையே. அது மட்டும் போதாது. உடன் அழைத்துச் செல்ல ஒருவரும் வண்டிச் செலவும் வேண்டும். இதை எழுதிய திட்டத்தை நெறிமுறைக் குழு மதிக்கும். அந்தக் குழுவே முறையாகப் பதிவு பெற்றதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மனநோய் உள்ளவர்களை ஆய்வில் சேர்ப்பதானால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99-ஆம் பிரிவு கேட்கும் ஒப்புதல் முறையையும் படித்துவிடுங்கள்.

கடைசியாகக் கணக்கு. அரசுப் பணத்துக்கு, நடுவண் அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்று கொடுக்க வேண்டும். அது போகாமல் அடுத்த தவணை வராது. பகுதிநேரக் கணக்கர் ஒருவரின் ஊதியத்தை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (ஏற்காடு): எல்லாம் சரி. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இரண்டு பக்கத்தில் கருத்துருவை எழுதி, இணையவிருக்கும் ஆசிரியரிடம் இந்த மாதமே கொடுங்கள். அதையே பேச்சுத் தமிழில் ஒரு பக்கமாக்கி, நீங்கள் ஆய்வு செய்ய நினைக்கும் ஊரில் பெரியவர்களிடமும் பெண்கள் குழுவிடமும் படித்துக் காட்டுங்கள். நவம்பர் பிறந்தால் காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். பிறகு சில மாதங்களுக்குப் பகலில் வீட்டில் ஆள் கிடைக்காது. ஊர்க் கூட்டத்தை அதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள், களப்பணி அட்டவணையில் அந்த மாதங்களை மாலை நேர்காணலுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.